சிறுவாடும் தண்டல் அட்டையும்

கடன் உள்ள வீட்டுக்கு ஆலோசனை சொல்ல ஆள் குறைவே இல்லை. கடையில் டீ குடிக்காதே, டி.வி.யை அணை, மல்லாட்டை எண்ணெயை அளந்து ஊற்று என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இப்படி ஐந்தும் பத்துமாக மிச்சம் பிடித்தால் கடன் தானாக அடைபட்டுவிடும் என்பது இந்தப் பேச்சின் அடிப்படை. கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் வைத்துப் பார்க்கும்போது இதில் பாதி உண்மை, பாதி தீங்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. சிறுவாட்டுப் பணத்தால் பெரிய கடன் அடையாது. ஆனால் அடுத்த சின்னக் கடன் வாசலுக்கு வராமல் அது தடுக்கும். இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், வருடக்கணக்காக வயிற்றைக் கட்டியும் கடன் குறையாத வீடுகளைப் பார்க்கிறோம்.

கடன் எங்கிருந்து வருகிறது? இந்த வட்டாரத்தில் முதல் தேதி சம்பளம் வாங்கும் வீடுகள் கொஞ்சம்தான். சம்பா நெல்லுக்குத் தை, மாசியில் காசு வரும். உளுந்துக்கும் பயறுக்கும் பங்குனி, சித்திரை. முந்திரிக் கொட்டை பொறுக்கும் கூலியும் அதையொட்டித்தான். கரும்பு போட்டவர்கள் ஆலை எப்போது கொடுக்கிறதோ அப்போது வாங்கிக்கொள்ள வேண்டும். செலவுக்கு இந்தப் பஞ்சாங்கம் தெரியாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், ஆடியில் நாற்றங்காலுக்கு உழவுக் கூலி கேட்பார்கள், ஐப்பசியில் தீபாவளி வந்து நிற்கும், நடுவில் யாருக்காவது காய்ச்சல் வரும். போதாததற்குப் புயல். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. புதுக் கன்று காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். வட்டி அதுவரை காத்திருக்காது. கடன்பட்டவனெல்லாம் ஊதாரி என்ற பேச்சு இந்த மண்ணில் எடுபடாது. வரவு மாதத்துக்கும் செலவு மாதத்துக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தில்தான் பெரும்பாலான கடன் முளைக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு வெளியில் இரண்டு லட்சம் கடன், இரண்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மாத வட்டி மட்டும் 4,000 ரூபாய். அந்த வீட்டில் நாளுக்கு 50 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றால், கூலி வீட்டில் அது லேசான காரியமில்லை. அப்படியும் மாதம் 1,500 ரூபாய்தான் சேரும். வட்டியில் பாதிகூடத் தேறவில்லை, அசல் அசையவே இல்லை. வீட்டில் நகை இருந்து, அதே இரண்டு லட்சத்தை 9 சதவீத வங்கி நகைக்கடனாக மாற்றிக்கொண்டால் மாத வட்டி 1,500 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஒரு நாள் அலைச்சலில் மாதாமாதம் 2,500 ரூபாய் மிச்சம். எத்தனை டீயை விட்டாலும் இந்தத் தொகை சேராது. கடன் உள்ள வீடு முதலில் பிடிக்க வேண்டிய சிக்கனம் வட்டியில்தான் இருக்கிறது. பத்திரிகைகளில் வரும் சிக்கனக் குறிப்புகள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை.

நகை இல்லாத வீட்டுக்கு இந்த வழி கிடையாது. அங்கேதான் தண்டல் நுழைகிறது.

தண்டல் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். மடித்த கெட்டி அட்டை, உள்ளே நூறு கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் தேதியும் வசூல்காரரின் கிறுக்கலும். 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துவிட்டுக் கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். வாங்குகிறவர் மனசில் இது நூற்றுக்குப் பதினைந்து. ஆனால் மறுநாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. நூறு நாளுக்கும் சராசரி பார்த்தால் அவர் கையில் இருப்பது 4,250 ரூபாய்ச் சொச்சம். அதற்கு மூன்றேகால் மாதத்தில் 1,500 ரூபாய் வட்டி. நுணுக்கமாகக் கணக்குப் போட்டாலும் மாதம் ஏறக்குறைய பத்து வட்டி, ஆண்டுக்கு 120 சதவீதம் வருகிறது. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. வசூலின்போது மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. அட்டை இன்னும் டி.வி.க்குப் பின்னால் செருகித்தான் இருக்கிறது.

தண்டலுக்கு ஆளை அனுப்புகிற தேவை பெரும்பாலும் பெரிய தேவையாக இருப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காமல் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பள்ளியில் பணம் கட்டக் கடைசி நாள். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டும். எல்லாம் மூவாயிரம், ஐயாயிரத்தில் முடிகிற விஷயம். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் மடித்த புடவைக்குள்ளும் பெண்கள் சேர்த்துவைக்கும் சிறுவாடு சரியாக இந்த அளவுக்குத்தான் வரும். 5,000 ரூபாய் வீட்டில் நின்றால் ஒரு தண்டல் தடைபடுகிறது. நாளுக்கு 50 ரூபாய் என்பது இரண்டு லட்சத்துக்கு முன்னால் தூசு, பத்து வட்டிக்கு முன்னால் கோட்டைச் சுவர். சிறுவாட்டின் உண்மையான பலம் இதுதான் என்பது என் முடிவு. நம் பாட்டிமார்கள் இதைக் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார்கள்.

இதையே ஊர் அறிய, முறையாகச் செய்ததுதான் மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய திட்டம் பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. மாதம் ஐம்பதோ நூறோ போட்டுச் சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினருக்கே உள்கடன் கொடுப்பார்கள். வட்டி ஒன்றோ இரண்டோ இருக்கும், அதுவும் குழுவுக்கே திரும்பும். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண்ணுக்கு அவசரத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வருத்தம் என்னவென்றால், இன்று ‘குழு’ என்றாலே வாரத் தவணைக்கு வந்து உட்காரும் நிதி நிறுவனக் கடன்தான் நினைவுக்கு வருகிறது. பெயர் ஒன்றானாலும் வேலை வேறு. ஒன்றில் பெண்கள் சேமித்ததைத் தாங்களே கடனாகத் தருகிறார்கள். மற்றதில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கொண்டுவந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. இதைத் தெரிந்துவைத்திருப்பது வருடம் முழுக்க விளக்கணைப்பதைவிட அதிகப் பணம் மிச்சமாக்கும்.

விளக்கணைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 90 யூனிட் ஓடும் வீட்டில் பத்து மணிக்கே விளக்கை அணைத்தால் ஒரு பைசா மிச்சமாகாது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைதான் இருட்டில் உட்காரும். 510 யூனிட் ஓடும் வீட்டில் கதை வேறு. 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும் என்பதால், அந்தக் கடைசிப் பத்து யூனிட்டைக் குறைப்பது நல்ல மிச்சம். எந்தச் சிக்கனம் காசாகிறது, எது வெறும் கஷ்டமாகவே முடிகிறது என்று ஒவ்வொரு வீடும் தன் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சேர்த்த பணம் எங்கே போகிறது என்பதில்தான் பெரிய ஓட்டை. கடனை வெளியில் ஓடவிட்டு, நகைச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் கட்டுகிற வீடுகள் ஏராளம். மாதம் 1,000 வீதம் 11 மாதம் நகைச்சீட்டு கட்டுவதை எடுத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை அந்தந்த மாதமே இரண்டு வட்டிக் கடனில் கழித்திருந்தால் 1,320 ரூபாய் வட்டி மிச்சமாகியிருக்கும். சேதாரம் இல்லை என்று கடை தருகிற சலுகை இந்தத் தொகையை நெருங்கலாம், பெரிதாகத் தாண்டாது. தண்டலே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் என்றால் இது பச்சை நஷ்டம்.

இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியவில்லை. ஏழைகளின் பணப் புழக்கத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட், விஜயவாடாவில் வீடு வீடாகச் சேமிப்பு வசூலித்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் கொடுக்கும் அட்டையில் 220 கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து ரூபாய். 1,100 ரூபாய் சேர்ந்ததும் 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து 100 ரூபாயைக் கூலியாக எடுத்துக்கொள்வார். சேமிக்கக் காசு கொடுத்தும் மக்கள் அவரைத் தேடினார்கள், ஏனென்றால் கையில் இருக்கும் பணம் கையில் நிற்காது. உறவு கேட்கும், கணவன் கேட்பான், கண்ணெதிரே ஒரு தேவை நிற்கும். நகைச்சீட்டும் அப்படியொரு பூட்டுதான். தங்கம் ஏறிய ஏற்றத்தில், மாதாமாதம் கிராமாக வரவு வைத்துக்கொண்டவர்களுக்கு லாபமும் கிடைத்தது. நகையே இல்லாத வீட்டுக்கு ஒரு பவுன் சேர்ந்தால், நாளைக்கு இரண்டு வட்டியிலிருந்து வங்கிக் கடனுக்கு மாற அதுவே நுழைவுச் சீட்டு. ஆகவே நான் கோடு போடுவது இந்த இடத்தில்: தண்டலும் வாரக் கடனும் ஓடும்வரை நகைச்சீட்டு வேண்டாம். அவை முடிந்த பிறகு கட்டினால் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கனத்தின் மறுபக்கம், அது யார் தட்டில் கை வைக்கிறது என்பது. இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் பழைய தென்னாற்காட்டுப் பகுதியில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்து, கடன்பட்ட பெண்களைப் பற்றி 2023-ல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார்கள். கடன் வாங்குவது, ஒன்றை வாங்கி இன்னொன்றைக் கட்டுவது, கடன்காரர் முன் போய் நிற்பது எல்லாம் இந்தப் பகுதியில் பெண்ணின் வேலையாகிவிட்டதை அந்த நூல் காட்டுகிறது. சிக்கனமும் அப்படியே. பிள்ளைக்கு முட்டை, கணவனுக்குக் குழம்பு, அவளுக்கு நீராகாரமும் ஊறுகாயும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவள் சாப்பாட்டில் குறைக்கும் இருபது ரூபாயைச் சேமிப்பு என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அது பிறகு மருந்துச் சீட்டாக, அநேகமாகத் தண்டல் பணத்திலேயே, திரும்பி வரும். அதே வீட்டில் ஆண் வாங்கும் ஒரு குவார்ட்டர் விலை ஏறக்குறைய ஒரு வாரத்துப் பால் விலை. சிக்கனம் என்று உட்கார்ந்து பேசும்போது இந்தச் செலவு பேச்சில் வராவிட்டால் அந்தப் பேச்சு நேர்மையற்றது.

சிறுவாடு ரகசியமாக இருப்பதற்கும் ஆணின் இந்தச் செலவே காரணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், ஆண்டுக்கணக்காக மறைத்த பணத்தைப் பெண்கள் வெளியே எடுத்துக் கணவன் கையில் கொடுக்க வேண்டி வந்தது. பல பேருக்கு அது திரும்பவில்லை. இன்று தபால் நிலையத்திலோ வங்கியிலோ தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்வது அந்த ஆபத்துக்கு நல்ல மாற்று. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் பெண்ணின் கணக்குக்கே வருவதால் கணக்கும் பழக்கமாகிவிட்டது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சிதம்பரம், விருத்தாசலம் போகும் வெளியூர் வண்டிக்கு அது பொருந்தாது என்றாலும், உள்ளூரில் வேலைக்குப் போகிறவளுக்குத் தினம் சில பத்து ரூபாய் மிச்சம். யார் தட்டிலும் கை வைக்காமல் வருகிற சிறுவாடு இது. தண்டலைத் தடுக்கும் அந்தச் சுவரைக் கட்ட முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும்.

தை, மாசியில் நெல் காசு வந்ததும் என்ன செய்கிறோம் என்பதில்தான் வருடக் கணக்கு நிற்கிறது. கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும். எனவே அதுதான் முதலில். அடுத்து தண்டல், பிறகு வாரக் கடன், கடைசியில் நகை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கௌரவம் கருதி முதலில் நகையைத்தான் மீட்கிறார்கள். கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டு, ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க அதே நகையை மறுபடி வைக்கிறார்கள், அல்லது தண்டல்காரருக்குப் போன் போடுகிறார்கள். ஒரு வளையல் இன்னும் நாலு மாதம் வங்கியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அந்த 5,000 ரூபாய் வீட்டில் நிற்க வேண்டும்.