சாட்சியமும் சான்றும்

குடிநோயிலிருந்து மீண்டோரின் கதைகளும் மறுவாழ்வு நிலையங்களின் சிறுவெளியீடுகளும் தமிழில் தனியோர் எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டன. வீழ்ச்சி, கண்ணீர், தூக்கிவிடும் ஒரு கை, புதுவாழ்வு என அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஊதாரி மைந்தன் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வடிவம் நெஞ்சுக்கு நெருக்கமானது. அதனாலேயே அதை நாம் கேள்வி கேட்பதில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டை எண்ணிப் பார்ப்போம். பாவு தறியிலேயே நிற்கிறது; வாங்கிய முன்பணம் மதுக்கடையில் கரைந்துவிட்டது. கம்மலை அடகு வைத்தாவது கணவனைச் சிகிச்சையில் சேர்க்க நினைக்கும் அப்பெண்ணின் கையில் இருப்பது ஒரு துண்டறிக்கை. மூவரின் சாட்சியமும், நிச்சயம் குணமாகும் என்ற உறுதிமொழியும் அதில் உண்டு. அதே ஊரில், விவரமறிந்தோர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பிச் சரிகை வாங்குவதில்லை. வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கிறார்கள். மனிதனைக் குறித்த வாக்குறுதிக்கு அத்தகைய உரைகல் உண்டா?

இவ்வகை எழுத்துக்கு முன்னோடி, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் 1939இல் வெளியிட்ட அதே பெயருடைய நூல். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய அவ்வியக்கத்தின் தொடக்கத்தில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. அந்நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் குடிநோயாளருக்கு இடமளித்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. நூலின் 1955ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, உண்மையாக முயன்றவர்களுள் பாதிப்பேர் உடனே மீண்டதாகவும், மேலும் கால்வாசிப்பேர் சில சறுக்கல்களுக்குப் பின் மீண்டதாகவும் கணக்குச் சொல்கிறது. நாம் நின்று நோக்க வேண்டிய சொல் 'உண்மையாக' என்பதே. தோற்றவன் உண்மையாக முயலவில்லை என்று சொல்லிவிட்டால், எந்தத் திட்டந்தான் தோற்கும்? இடையில் நின்றுபோனவர் மேடையேறுவதில்லை. அவர் படம் சிறுவெளியீட்டில் வருவதுமில்லை. மேடையில் நிற்பவர் பொய் சொல்லவில்லை. தம்மைப் பற்றி மட்டுமே அவரால் சொல்ல இயலும்.

மறுப்பவர்களும் இக்குறைக்கு விலக்கல்லர். இத்திட்டத்தால் பயன்பெறுவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே என்று மனநல மருத்துவர் லான்ஸ் டோட்ஸ் 2014இல் எழுதினார். தனித்தனி மதிப்பீடுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. குடியடிமைத்தனத்துக்குத் தாமே வேறொரு சிகிச்சை முறையை வலியுறுத்தி வந்தவர் அவர் என்பதையும் வாசகர் மறத்தல் ஆகாது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இத்திட்டத்தின் பயனை ஐயமற நிறுவும் சோதனை எதுவுமில்லை என்று 2006இல் கூறியது. 2020இல் 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கொண்டு மீண்டும் பார்த்தபோது முடிவு மாறிற்று. ஓராண்டின் பின் மதுவை முற்றும் விட்டிருந்தவர், இத்திட்டத்தோடு இணைக்கப்பட்டோரில் நூற்றுக்கு 42. பிற சிகிச்சைகளில் 35. முந்தைய முடிவை எழுதிய மூவருள் ஒருவர் பிந்தியதிலும் பங்கேற்றார். புதிய சான்று வந்தபோது பழைய சொல்லை மாற்றிக்கொண்ட அந்த நேர்மை, எண்களைவிட எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆயினும் 58 பேர் எஞ்சுகிறார்களே! நிச்சயம் என்ற சொல்லுக்கு இங்கே இடமேது?

சான்று கேட்பது விசுவாசக் குறைவென்று அஞ்ச வேண்டியதில்லை. லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்கி வருகிறது. 7,000க்கும் மேற்பட்ட குணமாதல்கள் அங்கே அறிவிக்கப்பட்டுள்ளன; திருச்சபை புதுமையென ஏற்றவையோ எழுபதைச் சற்றே கடந்தவை.

குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்னும் பொடி விளம்பரங்களை என்னென்பது! டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடலில் இருக்க ஒருவர் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளி அறிந்து, மருத்துவர் பார்வையில் உட்கொள்ள வேண்டியது அது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் குடிநோயாளரையும் உள்ளடக்குகிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆகவே, நிலையம் பதிவு பெற்றதா என்று அப்பெண் கேட்கலாம். சென்ற ஆண்டு சேர்ந்த அனைவரிலும் எத்தனை பேரைப் பின்னர் தேடிச்சென்று பார்த்தீர்கள், பார்த்தவர் நிலையத்தாரா வெளியாரா என்றும் கேட்கலாம். கம்மலை அடகு வைக்குமுன் கேட்பது நல்லது.