கோடை உழவு: கரிசல் புனைகதையாளரின் எழுத்துப் பழக்கமும் ‘மண்வாசனை’த் திறனாய்வும்

மதுரை–தூத்துக்குடிச் சாலையில் உள்ள எப்போதும்வென்றான் தொடங்கி எட்டயபுரம், கோவில்பட்டி, இடைசெவல் எனப் பரவிக் கிடக்கும் கரிசல் நிலம், தன் மழையளவுக்குச் சற்றும் பொருந்தாத எண்ணிக்கையில் புனைகதையாளர்களைத் தமிழுக்கு அளித்துள்ளது. (வானம் பார்த்த பூமியில் ஓர் ஊருக்கு இப்படியொரு பெயர் அமைந்ததே கதைக்குரிய முரண்தான்.) இவ்விளைச்சலை விளக்க முற்படும் திறனாய்வு பெரும்பாலும் ‘மண்வாசனை’ என்னும் ஒற்றைச் சொல்லில் நிறைவு கொள்கிறது. எழுத்தாளர் எழுதவில்லை, மண்ணே எழுதுவித்தது என்பது அதன் உட்பொருள். பாராட்டாகத் தோன்றும் இக்கூற்று, ஒரு படைப்பாளி ஆண்டுக்கணக்கில் மேற்கொண்ட அன்றாட உழைப்பைப் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது.

மண்தான் காரணம் எனில், மண்ணை விட்டு அகன்றவரின் எழுத்து வறண்டிருக்க வேண்டும். இடைசெவலில் 1923இல் பிறந்த இருவரின் வாழ்க்கை இதற்கு மாறாக உள்ளது. கு. அழகிரிசாமி சென்னையில் ‘சக்தி’ உள்ளிட்ட இதழ்களிலும், 1950களில் மலாயாவில் ‘தமிழ் நேசன்’ நாளிதழிலும் பணியாற்றினார். அவருடைய கரிசல் கதைகளை எழுதிய கை, நாள்தோறும் அச்சுப்படியைத் திருத்திய கைதான். கி. ராஜநாராயணன் தம் அறுபதுகளில் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய பிற்காலப் பணியின் பெரும்பகுதி, தொண்ணூறு வயதைக் கடந்த பின் வந்த எழுத்துகள் உட்பட, அக்கடற்கரை நகரத்திலிருந்து வந்தது. நிலம் பின்தங்கிய இடத்திலும் எழுத்து தொடர்ந்தது என்றால், உடன் சென்றது எது என்பதே திறனாய்வு எழுப்ப வேண்டிய வினா.

கி.ரா.வைப் பொறுத்தவரை விடை ஓரளவு தெளிவானது. 1950களின் இறுதியில், முப்பது வயதைக் கடந்த பின்னரே அவர் சிறுகதை எழுதத் தொடங்கினார். ஆனால் கேட்பதும் சேர்ப்பதும் கடிதம் எழுதுவதுமாகிய மூன்று பழக்கங்கள் அவரிடம் ஓயாமல் இயங்கின. ஊரை விட்டுச் சென்ற அழகிரிசாமிக்கும் அவருக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து, அழகிரிசாமியின் கடிதங்கள் நூலாக வந்தமையால் இன்று படிக்கக் கிடைக்கிறது. எதிரில் இல்லாத ஒருவரை எதிரில் இருத்திப் பேசும் அக்கடித மொழியே கி.ரா.வின் உரைநடைக்குப் பயிற்சிக் களம் ஆயிற்று எனலாம். பின்னாளில் ஒரு நூலுக்குக் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எனப் பெயரிட்டது வெறும் அலங்காரமன்று.

‘கோபல்ல கிராமம்’ வெளிவந்தது 1976இல். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி வெளிவந்தது 1982இல். இக்கால வரிசை கவனிக்கத்தக்கது. சொல் சேகரிப்பு, நாவலுக்கான முன்தயாரிப்பு மட்டுமாக இருந்திருப்பின் நாவலோடு அது முடிந்திருக்கும். அவ்வாறின்றி அது நாவலைத் தாண்டியும் நீடித்த தனி உழைப்பாக இருந்துள்ளது. அதன் தடம் நாவலின் வடிவத்திலேயே காணக் கிடக்கிறது. கோபல்ல கிராமத்து மாந்தர் பலர் பட்டப்பெயரோடு அறிமுகமாகின்றனர். அடுத்து அப்பெயர் வந்த காரணம், பின்னர் அதற்கொரு நிகழ்ச்சி. தலைச்சொல், பொருள், எடுத்துக்காட்டு என்னும் அகராதிப் பதிவின் ஒழுங்கே இது. நாவலில் கட்டுக்கோப்பு தளர்ந்துள்ளது என்னும் குறை, இந்த ஒழுங்கைக் காணத் தவறியதன் விளைவே.

மானாவாரி விவசாயி சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தவுடன் தரிசை உழுது போடுகிறார். அப்போது விதைப்பில்லை, விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில்தான். இடையில் பார்ப்பவருக்கு நிலம் சும்மா கிடப்பதாகவே தோன்றும். பின்னர் பெய்யும் மழையை நிலம் உள்வாங்குவது அந்த உழவால்தான். கி.ரா.வின் சேகரிப்பு இவ்வகைக் கோடை உழவு. இவ்வுவமையையும் மிகையாக நீட்டுதல் ஆகாது. நீட்டினால் மண்வாசனையே வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

மேலும், உழுது காத்திருக்கச் சொந்த நிலம் வேண்டும். விவசாயியான கி.ரா.வுக்கு வாய்த்த நேரம் மாதச் சம்பளக்காரருக்கோ ஆலைத் தொழிலாளிக்கோ வாய்ப்பதில்லை. ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலோப் அஞ்சல் துறைப் பணிக்கிடையே, கால்மணி நேரத்திற்கு 250 சொற்கள் எனக் கடிகாரத்தை முன்வைத்து எழுதியதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். எழுதும் பழக்கம் குறித்த அறிவுரைகள் இன்றும் அக்கடிகாரத்தையே நம்புகின்றன. கோவில்பட்டிப் பஞ்சாலையில் பணிபுரிந்த சோ. தர்மனுக்கோ கடிகாரம் ஆலையின் உடைமை. கூட்டுறவுத் துறை அலுவலராக இருந்த பூமணிக்கும் எழுத்து நேரம் அலுவல் போக எஞ்சியதே. கேட்டல், திரட்டல் என்பவற்றை இவர்கள் வேலைக்கு ஊடாகவே நிகழ்த்த வேண்டியிருந்தது. இப்பட்டியலில் உள்ள அனைவரும் ஆண்கள் என்பதும் தற்செயலன்று. திண்ணையில் அமர்ந்து கேட்கும் நேரம், அடுப்படியில் வேறொருவர் நின்றதால் கிடைத்த நேரம். எழுத்துப் பழக்கம் பற்றிய எந்த ஆய்வும் இதைக் கடந்து செல்ல இயலாது.

பூமணியின் ‘பிறகு’ 1979இலும் ‘வெக்கை’ 1982இலும் வந்தன. 1990களில் வந்த நாவல்களுக்குப் பின் ‘அஞ்ஞாடி’க்காக 2012 வரை வாசகர் காத்திருந்தனர். நூல்களின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது படைப்பூக்கம் வற்றிய காலமாகத் தோன்றும். ஆனால் தீப்பெட்டித் தொழிலில் உழலும் சிறாரைப் பற்றிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படமும், 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் குறித்த ஆவணத் தேடலும் நாவல்களுக்கு அப்பால் நிகழ்ந்தவை. அத்தேடல் இன்றி 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அப்பெருநாவல் இல்லை.

சோ. தர்மனின் ‘தூர்வை’ (1996), ‘கூகை’ (2005), ‘சூல்’ (2016) ஆகியவற்றுக்கிடையே ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளிகள் உள்ளன. வில்லிசைக் கலைஞர் பிச்சைக்குட்டியைப் பற்றி அவர் எழுதிய நூல், புனைகதையன்று என்னும் காரணத்தால் நாவல் ஆய்வேடுகளின் எல்லைக்கு வெளியே நிற்க நேர்கிறது. வில்லுப்பாட்டில் கதையை நிறுத்தி, கிளைக்கதைக்குச் சென்று, மீண்டும் முதன்மைக் கதைக்குத் திரும்பும் முறையும், கண்மாயை மையமாக்கி ஊராரின் கதைகளைக் கோத்துச் செல்லும் ‘சூல்’ நாவலின் முறையும் ஒருசேர வைத்து நோக்கத்தக்கவை. நாவலாசிரியரின் குறிப்பேடுகள், கடிதங்கள், புனைவல்லாத நூல்கள் ஆகியவற்றை முதன்மைத் தரவாக ஏற்கும்வரை அவ்வொப்பீட்டுக்கு ஆய்வேட்டில் ஓர் இயல் அமையப் போவதில்லை.