ஃபேனை ஆஃப் பண்ணுங்க அத்தை!

எனக்கு வயது 47. ஒரு டப்பா பவுடரைப் பற்றி இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில். முகத்துக்கு என்று நான் இத்தனை வருஷமாகச் செய்ததெல்லாம், குளித்து வந்ததும் உள்ளங்கையில் டால்கம் பவுடரைக் கொட்டி இரண்டு கன்னத்திலும் அப்பி, பொட்டை ஒட்டிக்கொண்டு ஓடுவதுதான். வண்டி பல்லாவரம் தாண்டுவதற்குள் அது திட்டுத்திட்டாகிவிடும். கழுத்து மடிப்பில் வெள்ளையாய் ஒரு கோடு வேறு. முப்பது வருஷமாக அதைத்தான் அலங்காரம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது? போன மாதம் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நல்லா தூங்குறீங்க போல இருக்கே டீச்சர்" என்றார். முந்தின நாள் இரவு ஒரு மணி வரை விடைத்தாள் திருத்தியிருந்தேன்! மேக்கப் போட்டிருக்கிறேன் என்றே அவருக்குத் தெரியவில்லை. மினரல் மேக்கப்பின் மகிமையே அதுதான். அதற்கு நான் அடிமை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் முதல் சந்திப்பு படுதோல்வி. கடையில் அந்தப் பெண் என் மாநிறத்தைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல இரண்டு படி வெளுப்பான ஷேடை எடுத்துக் கொடுத்தாள். நானும் வீட்டுக்கு வந்து, பழகிய கையாயிற்றே, டால்கம் போலவே அள்ளிப் பூசினேன். கண்ணாடியில் மாவு மில்லிலிருந்து இறங்கி வந்தவள் போல ஒருத்தி. அரை மணி நேரத்தில் வியர்த்ததும் கன்னமெல்லாம் ஊரல். நானூறு ரூபாய் போச்சு என்று டப்பாவை அலமாரியில் போட்டேன்.

அண்ணன் மகள் வேலை கிடைத்து எங்கள் வீட்டில் தங்க வந்தாள். அந்த டப்பாவைக் கண்டெடுத்தவளும் அவள்தான். பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை வாசித்துவிட்டு, "இதுல பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு இருக்கு அத்தை, அதான் உங்களுக்கு அரிச்சிருக்கு" என்றாள். வேதியியல் டீச்சருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். முத்துப் போன்ற மினுமினுப்புக்காகச் சேர்ப்பது அது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதில்லை, சிலருக்கு, அதுவும் வியர்க்கிறவர்களுக்கு, அரிப்பெடுக்கும். அடுத்த ஞாயிறு அது இல்லாத ஒரு டப்பாவும் ஒரு கபுகி பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். குட்டையான பிடி, கொழுகொழுவென்று அடர்ந்த முடி. ஜப்பான் நாட்டு நாடகக் கலையின் பெயர் அந்த பிரஷ்ஷுக்கு. என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து அவள் சொன்ன முதல் பாடம், "ஃபேனை ஆஃப் பண்ணுங்க அத்தை!"

முகத்தைக் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவி, அதன்மேல் சன்ஸ்கிரீன். பிறகு பத்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிஷத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஈரம் காயாத முகத்தில் பொடி விழுந்தால் விழுந்த இடத்திலேயே அப்பிக்கொள்ளும், நகராது. நான் அந்த நேரத்தில் டிபன் பாக்ஸ் கட்டிவிடுவேன்.

அடுத்தது சல்லடை மூடி. அதில் நாலைந்து துளைதான் இருக்கும். டப்பாவைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினால் மேல்மூடியில் கொஞ்சம் விழும். எவ்வளவு? உப்புச் சிட்டிகையில் பாதி. "இவ்வளவுதானா?" என்று மனசு கேட்கும், கேட்கட்டும். பிரஷ்ஷை அந்தப் பொடியில் வைத்து மூடிக்குள்ளேயே சுழற்ற வேண்டும், பொடி மொத்தமும் முடிக்குள் போய் மறையும் வரை. பிறகு பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து, அடிப்பிடியை மேஜையில் இரண்டு முறை தட்ட வேண்டும். பொடி முடியின் அடிவரை இறங்கிவிடும். மேலே ஒட்டியிருக்கும் உபரியை மூடியின் விளிம்பில் தட்டி உதிர்த்துவிட வேண்டும். இப்போது பிரஷ்ஷைப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதுதான் சரியான பதம்!

சுழற்று, தட்டு, தேய் என்ற இந்த மூன்று வார்த்தை மந்திரத்தை ஊரெல்லாம் பரப்பியது அமெரிக்காவின் பேர்மினரல்ஸ். 1995இல் அந்தப் பவுடர் வந்தது. 1997இல் அதன் தலைவி லெஸ்லி பிளாட்ஜெட் டி.வி. ஷாப்பிங் சேனலில் தானே வந்து நின்று பூசிக் காட்டி விற்றார். பூசிக் காட்டாமல் இதை விற்கவே முடியாது. டப்பாவைப் பார்த்து யாரும் மயங்கப்போவதில்லை, கைவேலையைப் பார்த்துத்தான் மயங்க வேண்டும்.

அந்தக் கைவேலை என்ன என்று கேட்டால், தோசைக்கல்லில் மாவு இழுக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். கரண்டியை அழுத்தினால் தோசை பிய்ந்துவிடும். அழுத்தாமல் வட்டம் வட்டமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். முகத்திலும் அதே கணக்குதான். கன்னத்தின் வெளிப்பக்கத்தில், காதுக்கு அருகே, முதலில் பிரஷ்ஷை வையுங்கள். பொடி அதிகமாக இறங்குவது முதல் தொடுதலில்தான். அது மூக்கு நுனியில் விழுந்தால் எல்லோருக்கும் தெரியும், காதோரம் விழுந்தால் யாருக்கும் தெரியாது. அங்கிருந்து சின்னச் சின்ன வட்டமாக உள்ளே வர வேண்டும். பிறகு நெற்றி, தாடை. மூக்குக்கும் கண்ணுக்கும் பிரஷ்ஷில் மிச்சமிருக்கும் துளியே போதும். மூக்கருகே போகும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், நுரையீரலுக்கு மேக்கப் தேவையில்லை. கடைசியாக எல்லா இடத்திலும் மேலிருந்து கீழாக ஒரு முறை வருடிவிட்டால் கன்னத்துப் பூனைமுடி படிந்துவிடும்.

முதல் பூச்சு முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்துபோனேன். ஒன்றுமே ஆகவில்லையே! "இருங்க அத்தை" என்று அதே அளவு இன்னொரு சிட்டிகை எடுத்தாள். இரண்டாவது பூச்சு. அதன் பிறகும் லேசாக மாவு படிந்தாற்போலத்தான் இருந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மாவும் இல்லை, மேக்கப்பும் இல்லை, என் தோலே கொஞ்சம் அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. உடம்புச் சூடும் தோலில் ஊறும் எண்ணெயும் பொடியோடு சேர்ந்துகொள்ள பத்து நிமிஷமாவது ஆகும். பூசிய கையோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கன்னத்தில் எனக்கு மங்கு உண்டு. அதற்கு முகம் முழுக்கக் கனமாகப் பூசுவது வீண் வேலை. கண்ணுக்கு மை தீட்டுகிற மாதிரி ஒரு சின்னத் தட்டை பிரஷ்ஷில் ஒரு துளி பன்னீர் விட்டு, அதே பவுடரைத் தொட்டு, மங்கின் மேல் மட்டும் ஒற்றி ஒற்றி எடுப்பேன். தேய்த்தால் கலைந்துவிடும். காய்ந்ததும் பெரிய பிரஷ்ஷால் ஓரத்தை மட்டும் கரைத்துவிட வேண்டும். கண்ணின் கருவளையத்துக்குக் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த நிறம் எடுபடும். இதற்கெல்லாம் சேர்த்து எனக்கு ஐந்து நிமிஷம்.

ஷேடு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். நம் நிறத்தில் வெளுத்த பவுடர் விழுந்தால் வெண்மை வராது, சாம்பல்தான் வரும். காரணம் டைட்டானியம் டை ஆக்ஸைடு. பெயிண்ட்டுக்கு வெண்மை தருகிற அதே பொருள். அது அதிகமாகவும், மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களைத் தரும் இரும்பு ஆக்ஸைடுகள் குறைவாகவும் இருந்தால் மாநிறத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடும். தாடையோரம் தடவி, கடையின் டியூப்லைட்டில் பார்க்காமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தோடு கரைந்துபோனால் அது உங்கள் ஷேடு. நான் இரண்டு ஷேடு வாங்கி மூன்றுக்கு ஒன்று என்று கலந்து வைத்திருக்கிறேன், வெயில் காலத்துக்கு வேறு கணக்கு.

எனக்கு இந்த டப்பாமேல் இன்னொரு ரகசியப் பாசமும் உண்டு. நான் பிறந்தது குளச்சல் பக்கம். சின்ன வயதில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் விளையாடிவிட்டு வந்தால் காலெல்லாம் கறுப்பு மணல். அது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் கலந்த தாது. அதிலிருந்துதான் டைட்டானியம் டை ஆக்ஸைடு எடுக்கிறார்கள். அன்று பாட்டி திட்டித் திட்டிக் கழுவிவிட்ட மணலின் உறவுக்காரனை இன்று காசு கொடுத்து வாங்கிக் கன்னத்தில் பூசிக்கொள்கிறேன்! இந்தப் பவுடரில் இருக்கும் துத்தநாக ஆக்ஸைடும் பழைய சிநேகிதன்தான். அம்மை போட்டபோது அரிப்புக்குத் தடவிய கேலமைன் லோஷன் நினைவிருக்கிறதா? அது துத்தநாக ஆக்ஸைடு, அந்த ரோஸ் நிறம் துளி இரும்பு ஆக்ஸைடு.

அதற்காக 'மினரல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கும்பிட்டுவிடாதீர்கள். நாம் அப்பிக்கொண்டிருந்த டால்க்கும் கனிமம்தான்! பொருள் பட்டியல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பாருங்கள். மைக்கா இருக்கும். நம் ஊரில் காக்காப்பொன் என்போமே, அது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கத்துச் சுரங்கங்களில் பிள்ளைகள் குனிந்து அதைப் பொறுக்குகிற செய்தியைப் படித்த பிறகு, செயற்கை மைக்கா போட்டதாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன். வகுப்பில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டப்பாவில் எஸ்.பி.எஃப். 15 என்று போட்டிருப்பதை நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணைச் சோதனைச்சாலையில் கணக்கிடும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். ஒரு முகத்துக்கே ஒரு கிராம் அளவுக்கு வந்துவிடும். 8 கிராம் டப்பா எட்டு நாளில் காலியாகும். நாம் பூசுவது அதில் துளி. வெயிலைப் பார்க்கும் வேலை அடியில் இருக்கும் சன்ஸ்கிரீனுக்கு.

சென்னை வியர்வைக்கு இது தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாங்கும், கர்ச்சீப்பால் துடைக்காத வரை. வியர்த்தால் டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள். மதியம் மூக்கு மினுங்கினால் முதலில் ஒற்றுங்கள், பிறகு பிரஷ்ஷை மட்டும் ஒரு முறை ஓட்டுங்கள். ஈரத்தின் மேல் புதுப் பொடி போட்டால் பல்லாவரம் கதைதான் திரும்பும். கல்யாண ரிசப்ஷனுக்குப் போவதென்றால் கிளம்புமுன் செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். சித்தி பேத்தி கல்யாண ஆல்பத்தில் என் முகம் மட்டும் நிலா மாதிரி வெளுத்து நிற்கிறது. கொஞ்சம் தாராளமாகப் போட்ட பாவம், டைட்டானியம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிட்டது. பிரஷ்ஷை வாரம் ஒருமுறை துளி ஷாம்பூவில் அலசி, முடி கீழ்ப்பக்கம் பார்க்கத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கிப் பசை விட்டுப்போகும்.

ஜூனில் பள்ளி திறந்தபோது வாங்கிய 8 கிராம் டப்பா இது. இப்போது அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கும் போக வேண்டாத நாளில், பூசிப் பாருங்கள். ஃபேனை மட்டும் ஆஃப் பண்ணிவிடுங்கள்.