கலைக்களஞ்சியமும் கருத்து வேற்றுமையும்

ஒரு நூலைக் கையிலெடுத்ததும் அதன் ஆசிரியர் யார் என்று நோக்குவது நம் மரபு. ஆசிரியரின் கல்வியும் ஒழுக்கமும் தெரிந்த பின்னரே அவர் சொல்லை எடைபோடத் துணிவோம். அவ்வாறாயின், ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் கூடி எழுதியும், எவருடைய பெயரும் முகப்பில் இல்லாத ஒரு நூலை எவ்வாறு எடைபோடுவது? இவ்வினா வெறும் ஆராய்ச்சிப் பொழுதுபோக்கன்று. பாடசாலைப் பிள்ளை முதல் ஜும்ஆ உரைக்குக் குறிப்பெடுக்கும் இமாம் வரை, நம் வீட்டாருக்கு ஓர் ஐயம் எழுந்தால் இன்று முதலில் எட்டிப் பார்க்கும் இடம் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியமே. நம் மார்க்கத்தைப் பற்றியும், மொழியைப் பற்றியும், ஊரைப் பற்றியும் நம் பிள்ளைகள் அங்கே எதைப் படிக்கிறார்கள், அதை எழுதுவோர் தமக்குள் எவ்வாறு இணங்கியும் பிணங்கியும் எழுதுகிறார்கள் என்பதை நாம் அறியாதிருத்தல் தகாது.

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிதன்று. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை நாம் அறிவோம். நம் சமுதாயத்தில் எம். ஆர். எம். அப்துற் றஹீம் அவர்கள் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தை ஏறத்தாழத் தனியொருவராகவே சுமந்து முடித்ததையும் அறிவோம். இவற்றில் ஒரு பிழை நேர்ந்தால் மறுபதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால், பிழைக்குப் பொறுப்பாளி யார் என்பதில் ஐயமிராது.

விக்கிப்பீடியாவும் முதலில் இத்தகைய நல்லாசிரியர் வழியில்தான் தொடங்கிற்று. ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000ஆம் ஆண்டில் நியூபீடியா என்றொரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். துறைவல்லார் எழுதி, ஏழு படிகளில் சரிபார்த்த பின்னரே கட்டுரை வெளிவரும். விளைவு, முதலாண்டில் விரல்விட்டு எண்ணத்தக்க கட்டுரைகளே முற்றுப்பெற்றன. அதற்குத் துணையாக, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டுடன் 2001 ஜனவரி 15இல் தொடங்கப்பட்டதே விக்கிப்பீடியா. துணை வளர்ந்தது, முதல் மறைந்தது. தமிழ்ப் பதிப்பு 2003இல் தோன்றியது. ஊதியமின்றித் தாமாக முன்வந்து எழுதுவோரின் உழைப்பே இவை அனைத்தும்.

இந்நூலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, எல்லோரும் காணும் கட்டுரை. மற்றொன்று, அதன் பின்னே நிற்கும் உரையாடல் பக்கமும் திருத்த வரலாறும். எந்தச் சொல்லை எவர் எந்நாளில் எந்நாழிகையில் மாற்றினார் என்பது அவ்வரலாற்றில் பதிவாகிறது. கருத்து மாறுபட்டோர் உரையாடல் பக்கத்தில் வந்து வழக்குரைக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதும், அழித்ததை முன்னவர் மீட்பதுமாகச் சண்டை முற்றினால், ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மீட்கலாகாது என்ற விதி ஆங்கிலப் பதிப்பில் 2004 முதல் உண்டு. எதிராளியிடம் நல்லெண்ணம் கொள்க என்பதும், சான்று காட்டுக என்பதும், வாக்கெடுப்பன்று இணக்கமே முடிவு என்பதும் அங்கே அடிப்படை நெறிகள்.

இவற்றைப் படிக்கும் ஒரு முஸ்லிமுக்கு ஹதீஸ் கலை நினைவுக்கு வராமற் போகாது. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரின்றி ஒரு செய்தியை ஏற்க மறுத்த சமுதாயம் நம்முடையது. ஆனால் ஒப்புமையை அளவோடு நிறுத்த வேண்டும். ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியை மட்டும் ஆராயவில்லை. அறிவிப்பாளரின் நினைவாற்றலையும் நாணயத்தையும் ஆராய்ந்து, அதற்கெனத் தனி நூல்களே யாத்தனர். விக்கிப்பீடியாவிலோ எழுதுபவர் புனைபெயருக்குள் மறைந்திருக்கலாம். ஆராயப்படுவது அவர் காட்டும் சான்று மட்டுமே. அச்சான்றையும் எவரேனும் புரட்டிப் பார்த்தால்தான் உண்டு. ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், கென்னடி சகோதரர்களின் கொலையில் ஐயுறப்பட்டவர் என்று 2005 மே மாதத்தில் ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய் நான்கு மாதங்கள் திருத்துவாரின்றிக் கிடந்தது. எல்லோரும் காவலர் என்ற இடத்தில், ஒருவரும் காவல் நில்லாத நாட்களும் உண்டு.

இனி, நம் உள்ளத்தைத் தைத்த ஒரு வழக்கைக் காண்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், பழைய பாரசீக, உஸ்மானியச் சுவடிகளில் காணப்படும் சித்திரங்கள் சில இடம்பெற்றன. அவற்றை நீக்குமாறு கோரிய விண்ணப்பத்தில் 2008ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். சித்திரங்கள் நீக்கப்படவில்லை. எந்தச் சமயத்தின் விலக்கையும் இக்கலைக்களஞ்சியம் தனக்கு விதியாக ஏற்பதில்லை என்பதே விடையாயிற்று. நம்மவர் பலர் இதைப் பகைமையின் அடையாளமாகவே கண்டனர்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. உரையாடல் பக்கங்களில் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 2011இன் இறுதியில் அது அக்கலைக்களஞ்சியத்தின் நடுவர் குழுவிடம் சென்றது. அக்குழு எது சரி என்று தீர்ப்பளிப்பதில்லை. வாதிடுவோரின் நடத்தையையே விசாரிக்கும். எனவே, 2012இல் அனைவரும் பங்கேற்கும் விரிவான கலந்துரையாடலுக்கு ஏற்பாடாயிற்று. அங்கே எழுந்த வாதங்களுள் ஒன்று கருதத்தக்கது. அண்ணலாரை உருவமாக வரைந்தது முஸ்லிம் கலைவரலாற்றில் சில காலத்து, சில அரசவைகளின் வழக்கம் மட்டுமே. உலக முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களை எழுத்தணியாலும் சொல்லோவியத்தாலுமே நினைவு கூர்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் ஹாஃபிஸ் உஸ்மான் என்னும் எழுத்தணிக் கலைஞர் உருக்கொடுத்த ஹில்யா இதற்குச் சான்று. அங்ஙனமாயின், சிறுபான்மை வழக்கைப் பெரிதாக்கிக் காட்டும் கட்டுரை, தன் சொந்த நடுநிலை விதியையே மீறுகிறதன்றோ? முஸ்லிம்களும் முஸ்லிமல்லாதாரும் இவ்வழியில் வாதிட்டனர். முடிவில், கட்டுரையின் முகப்பில் எழுத்தணியே நிற்பதென ஆயிற்று. சித்திரங்கள் முற்றாக விலக்கப்படவில்லை. சில உள்ளே எஞ்சின.

இம்முடிவு நமக்கு முழு நிறைவு தருவதன்று. ஆயினும், இதிலிருந்து கற்க வேண்டியதைக் கற்காமல் விடுவது அறிவுடைமையுமன்று. எங்கள் உள்ளம் புண்படுகிறது என்று ஒப்பமிட்ட இலட்சம் கைகள் பெற்றுத் தராததை, உங்கள் விதிப்படியே உங்கள் கட்டுரை பிழைபட்டது என்று சான்றுடன் நின்ற சிலரின் வாதம் ஓரளவு பெற்றுத் தந்தது. முன்னது வாயிலில் நின்று எழுப்பிய குரல். பின்னது அவைக்குள் அமர்ந்து ஆற்றிய உரை.

ஆனால் அவ்வவையின் மீதும் நமக்குக் கடுமையான குறை உண்டு. இணக்கம் என்பது அறிவின் வெற்றியாக மட்டும் அமைவதில்லை. பல வேளைகளில் அது ஓய்வின் வெற்றி. இரவெல்லாம் விழித்திருந்து மறுமொழி எழுத வல்லவர் நிற்பார். பகலில் கடை திறக்க வேண்டியவர் களைத்துப் போவார். 2011இல் அந்நிறுவனமே நடத்திய கணக்கெடுப்பில், எழுதுவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள் எனத் தெரிந்தது. வராதவரின் கருத்து இணக்கத்தில் எவ்வாறு சேரும்? நடுநிலை என்று அங்கே சொல்லப்படுவது, வந்திருந்தோரின் நடுநிலையே.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. நம் ஃபிக்ஹு நூல்களைப் பாருங்கள். இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் கருத்தை ஒட்டியே, அவர்களின் மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மத் ஷைபானியும் மாறுபட்ட இடங்களும் பெயர் சுட்டி எழுதப்பட்டிருக்கும். இமாம் ஷாஃபிஈ அவர்கள் இராக்கில் சொன்ன பழைய கருத்தும் எகிப்தில் சொன்ன புதிய கருத்தும் அருகருகே காக்கப்பட்டிருக்கின்றன. நம் தமிழகத்தில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் ஒரே ஊரில், சுபுஹுத் தொழுகையில் ஒருசாரார் குனூத் ஓத, மறுசாரார் ஓதாதிருக்க, சம்பந்தம் செய்து வாழவில்லையா? வேற்றுமை மறைக்கப்படவில்லை, அது நூலின் உடலிலேயே இடம்பெற்றது. விக்கிப்பீடியாவிலோ கட்டுரையின் முகம் வழவழப்பாக இருக்கிறது. கசப்பும் தயக்கமும் விட்டுக்கொடுத்தலும் பின்பக்கத்தில் கிடக்கின்றன. நூற்றுவர் வாதிட்ட ஒரு வாக்கியமும், ஒருவரும் பாராத ஒரு வாக்கியமும் படிப்பவனுக்கு ஒரே குரலில் பேசுகின்றன. பின்பக்கம் எவருக்கும் திறந்தே இருக்கிறது என்பர். உண்மைதான். ஆனால், நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள்?

வேற்றுமை இருப்பது ஆபத்தன்று. இல்லாமற் போவதே ஆபத்து என்பதற்குக் குரோவாத்தியப் பதிப்பின் கதை போதும். ஒரே அரசியல் நோக்குடைய சிறு குழுவினர் அங்கே நிருவாகிகளாக அமர்ந்தனர். மாறுபட்டோர் தடை செய்யப்பட்டும் மனம் வெறுத்தும் வெளியேறினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கொடுமைகளைப் பூசி மெழுகிய கட்டுரைகள் நிலைபெற்றன. 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே அப்பதிப்பை நம்ப வேண்டாம் என்று மாணவர்களை எச்சரிக்க நேர்ந்தது. அச்சீர்கேட்டை ஆராய்ந்து விக்கிமீடியா நிறுவனம் அறிக்கை வெளியிட்டது 2021இல்தான். அங்கே இணக்கம் இருந்தது. ஆனால் அது எதிர்ப்பாரை விரட்டிப் பெற்ற இணக்கம்.

தமிழ்ப் பதிப்பிலும் வேற்றுமைகள் உண்டு. கிரந்த எழுத்துகளை ஆளலாமா என்பதும், ஈழத்து வழக்கா தமிழகத்து வழக்கா என்பதும் அங்கே நெடுங்காலமாக நிகழும் வாதங்கள். முன்னது நம்மை நேராகத் தொடுகிறது. ஹமீது என்பவரைக் கமீது என்றும், ஜைனபு என்பவரைச் சைனபு என்றும் எழுதலாமா? நாம் சினம் கொள்ளுமுன் நம் வீட்டையே திரும்பிப் பார்த்தல் நன்று. உமறுப் புலவர் ஸீரத் என்ற சொல்லைச் சீறாவாக்கித் தமிழின் செவிக்கு இணங்கப் பாடினார். அதே சமுதாயத்து ஆலிம்கள் அரபு ஒலி சிதையலாகாதென்று அரபுத்தமிழ் எழுத்தையே ஆண்டனர். இரண்டும் நம் மரபுகளே. ஆகவே, தனித்தமிழ் விழைவோரைப் பகைவராகக் கருத வேண்டியதில்லை. காப்பியத்துக்குப் பொருந்தும் உரிமை கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்துமா என்று மட்டும் கேட்கலாம். ஒருவர் தம் பெயரை எவ்வாறு எழுதினார் என்பது ஒரு செய்தி. செய்தியை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. எந்த வடிவில் தேடினும் ஒரே கட்டுரைக்கு வந்துசேரும்படி வழிமாற்று அமைக்கும் வசதி அங்கே இருத்தலின், இவ்வேற்றுமை தீராப் பகையாக வேண்டிய தேவையுமில்லை.

இதனோடு ஸலவாத்துச் சொல் விடப்படுவதையும் சிலர் சேர்த்துக் குறை கூறுவர். ஆங்கிலப் பதிப்பின் நடைவிதி அதனை விலக்குகிறது. நாம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கிறோம். ஸலவாத்து நம் கடமை. பொதுமன்றத்தின் தாள் அதைச் சொல்லாவிடினும் படிக்கும் நம் நா சொல்லும். ஆனால் சிதைந்த பெயரையோ திரிந்த வரலாற்றையோ படிப்பவனின் நா திருத்திக்கொள்ளாது. எதில் பொறுப்பது, எதில் வழக்குரைப்பது என்ற தெளிவே வாதத்துக்கு வலிமை.

அவ்வழக்கை உரைக்கச் சான்று வேண்டும். சான்று எங்கே இருக்கிறது? நம் பாட்டிமார் பாடிய தாலாட்டுகள் அச்சேறவில்லை. ஆதலால் அவை அங்கே செல்லா. ஆனால் அச்சேறியவை எத்தனையோ நம் அலமாரிகளில் உறங்குகின்றன. 1973இல் திருச்சியில் தொடங்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளின் மலர்கள், ஊர் வரலாறுகள், பள்ளிவாசல் நூற்றாண்டு மலர்கள், பழைய மாத இதழ்களின் கட்டுத் தொகுதிகள் ஆகியவற்றைப் பூச்சி அரிக்க விட்டுவிட்டு, நம்மைப் பற்றி எவரோ பிழையாக எழுதிவிட்டார் என்று நோவதில் பயனில்லை. ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ ஒரு மலரைப் புரட்டி, ஒரு புலவரின் பிறந்த ஊரையும் ஆண்டையும் பக்க எண்ணுடன் அங்கே சேர்த்தால், அது ஆயிரம் கண்டனத் தீர்மானங்களைவிட நிலைத்து நிற்கும். மறுநாளே ஒருவர் அதை அழிக்கலாம். அப்போது சினந்து எழுந்துவிடாமல், உரையாடல் பக்கத்தில் அமர்ந்து, அழித்தவரும் நன்மை நாடியே அழித்திருக்கலாம் என்ற எண்ணத்துடன் சான்றை மீண்டும் எடுத்துவைக்க வேண்டும்.

தம்மினும் மாறுபட்ட இமாமின் அடக்கத்தலத்தருகே தொழுதபோது, அவர்களுக்கு மதிப்பளித்து இமாம் ஷாஃபிஈ அவர்கள் குனூத்தை விட்டார்கள் என்று கூறுவர். தம் கருத்தை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. மாறுபட்டவரின் முன்னிலையில் எவ்வாறு நிற்பது என்பதையே காட்டினார்கள். அந்த அதபு கைவரப்பெற்ற ஒரு சமுதாயத்தார் இப்பொதுமன்றத்தில் வெறும் பார்வையாளராக இருத்தல் அழகாகுமா?