பதினான்காம் நாள் கணக்கு

கேரளத்தில் ஆயுர்வேதச் சிகிச்சை விடுதிகள் பல உள்ளன. 7 நாள், 14 நாள், 21 நாள் என்று தவணை வகுத்து அவை சிகிச்சை அளிக்கின்றன. கோட்டக்கல்லில் பி. எஸ். வாரியர் 1902-இல் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கியபோது அதை நாடி வந்தவர்கள் நோயாளிகள். இன்றைய விடுதிகளுக்கோ பெரிய நோய் எதுவும் இல்லாதவர்களும் வருகின்றனர். களைப்பு, தூக்கமின்மை, முதுகுவலி, உடல் பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று ஏதேனும் ஒரு குறையோடு வந்து, மரத்தோணியில் எண்ணெய்க் குளியல் கண்டு, கஞ்சி குடித்து ஊர் திரும்புகின்றனர்.

தவணை முடியும் தறுவாயில் பல இடங்களில் ஒரு கணக்குப் பார்க்கப்படும். வந்த நாள் எடை, இன்றைய எடை, வந்த நாள் இரத்த அழுத்தம், இன்றைய அழுத்தம், சர்க்கரையும் அவ்வாறே. ஒரு தாளில் இரண்டு கட்டங்கள். இரண்டாம் கட்டத்து எண்கள் பெரும்பாலும் முதற்கட்டத்தைவிடக் குறைந்திருக்கும். தங்கியவர் மகிழ்கிறார், விடுதியும் இதையே தன் சிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுகிறது.

அந்த எண்கள் பொய்யல்ல. தங்கியவருக்கு உடம்பு இலேசாக இருப்பதும் உண்மையே. ஆனால் அவை எதற்குச் சான்று? இந்தக் கேள்வியை அறிவியல் முறைப்படி ஆராய்வோம்.

எடை குறைந்தது எப்படி?

நம் உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவர் உடலில் இது ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவு குறையும்போது உடல் முதலில் செலவழிப்பது இந்தச் சேமிப்பையே. அதில் பாதி தீர்ந்தால் கிளைகோஜன் 200 கிராம், நீர் 600 கிராம், ஆக 800 கிராம் எடை சில நாட்களிலேயே குறைந்துவிடும். உப்பைக் குறைத்தால் மேலும் கொஞ்சம் நீர் வெளியேறும். பேதி மருந்து குடலைக் காலியாக்கும். இவை எல்லாம் சேர்ந்தால் தராசு முள் நன்றாகவே இறங்கும்.

கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடற்கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளொன்றுக்கு 800 கிலோ கலோரி குறைத்து உண்டால் 14 நாளில் 11,200. அதாவது சுமார் ஒன்றரைக் கிலோ. இது உண்மையான ஆதாயம்தான். ஆனால் அதை அளித்தது குறைந்த உணவு. நீராகப் போன எடை, ஊருக்குப் போய் இட்லியும் சாம்பாரும் சாப்பிட்ட ஓரிரு நாளில் திரும்பி வந்துவிடும்.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இத்தகையனவே. உப்பைக் குறைத்தால் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அழுத்தம் இறங்கும். உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை சில நாட்களிலேயே இறங்கும். எண்ணெய், கஷாயம், ஓய்வு, பத்தியம், மதுவும் புகையும் இல்லாமை, அலுவலகம் இல்லாமை ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் மாறியிருக்கும்போது பலன் முழுவதையும் எண்ணெய்க்கும் கஷாயத்துக்கும் வரவு வைப்பது நேர்மையான கணக்காகாது.

ஓய்வின் பங்கு

ஓய்வின் பங்கை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க முடியுமா? அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. ஆயுர்வேதத்தைத் தழுவிய சோப்ரா மையம் கலிபோர்னியாவில் ஒரு விடுமுறைத் தலத்தில் தியானமும் யோகமும் கற்பித்து வந்தது. அங்கே 94 பெண்களை 6 நாட்கள் தங்கவைத்து ஆராய்ந்த முடிவுகள் 2016-இல் வெளியாயின. இவர்களில் 30 பேர் முன்பே தியானம் பழகியவர்கள். தியானப் பழக்கம் இல்லாத 64 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு பயிற்சியில் சேர்ந்தது. மற்றது அதே இடத்தில் வெறுமனே விடுமுறையைக் கழித்தது.

ஆறு நாள் முடிவில் மூன்று பிரிவினருக்கும் மனநலம் மேம்பட்டிருந்தது. மன அழுத்தத்தோடும் நோய் எதிர்ப்போடும் தொடர்புடைய ஜீன்களின் செயற்பாடும் மூன்று பிரிவிலும் மாறியிருந்தது. சும்மா ஓய்வெடுத்தவர்களும் இதில் பின்தங்கவில்லை. வேறுபாடு பின்னரே தெரிந்தது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, புதிதாகத் தியானம் கற்றவர்களிடம் மனச்சோர்வுக் குறிகள் விடுமுறைப் பிரிவினரைவிடக் குறைவாக இருந்தன.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. விடைபெறும் நாளில் எடுக்கும் அளவு, ஓய்வின் பலனையும் பயிற்சியின் பலனையும் பிரித்துக் காட்டாது என்பது ஒன்று. உண்மையான வேறுபாடு இருந்தால் அது மாதங்கள் கழித்துத் தெரியும் என்பது மற்றொன்று.

தானே தணியும் நோய்

இன்னொரு காரணமும் உண்டு. முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை போன்றவை கூடுவதும் குறைவதுமாக இருக்கும். மனிதர் சிகிச்சை தேடிப் புறப்படுவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்திலிருப்பது, எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கும். இந்த நியதியை 1886-இல் பிரான்சிஸ் கால்ட்டன் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டு விளக்கினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை அவர் கண்டார். வலிக்கும் இதுவே பொருந்தும். இரண்டே கட்டங்கள் கொண்ட தாளில் இந்த இறக்கமும் சிகிச்சையின் வெற்றியாகவே பதிவாகிவிடும்.

நச்சு நீக்கம் என்னும் சொல்

விடுதி விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் சொல் "நச்சு நீக்கம்". எந்த நச்சு, எவ்வளவு இருந்தது, எவ்வளவு வெளியேறியது என்று கேட்டால் பெரும்பாலும் விடை இராது. ஆயுர்வேதம் கூறும் "ஆமம்" என்பது சரியாகச் செரிக்காததால் விளைவதாகக் கருதப்படும் ஒரு பொருள். அது அம்மருத்துவத்துக்கே உரிய கருத்து. சோதனைக்கூடத்தில் அளக்கும் நச்சுப் பொருளின் மறுபெயர் அல்ல. கழிவகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இரவு பகலாகச் செய்கின்றன. சிறுநீரகங்கள் நாள்தோறும் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. வியர்வையோ பெரும்பாலும் நீரும் உப்புமே.

நச்சு என்று அளந்து சொல்லத்தக்கது சில மருந்துகளிலேயே கிடைத்திருக்கிறது என்பது வேடிக்கையான முரண். அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. இது 2004-இல் வெளியானது. 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இணையம் வழி வாங்கிய 193 மருந்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்த உலோகங்கள் காணப்பட்டன. ஐந்தில் நான்கு பங்கில் காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் கையில் உள்ள பொட்டலம் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதைப் பார்வையால் அறிய முடியாது.

பழைய நூல்களின் கண்டிப்பு

இக்கால விடுதிகளைப் பழைய ஆயுர்வேத நூல்களின் அளவுகோலாலேயே அளந்து பார்ப்போம். சரகர் கூறும் பஞ்சகர்மம் வாந்தி, பேதி, கஷாய வஸ்தி, எண்ணெய் வஸ்தி, நசியம் என்னும் ஐந்து. எண்ணெய் தேய்ப்பதும் வேது பிடிப்பதும் அவற்றுக்கு உடலைத் தயார் செய்யும் முன்வேலைகள். முன்வேலைகளை மட்டும் செய்து அதற்குப் பஞ்சகர்மம் என்று பெயரிடும் இடங்கள் நூலின்படியும் பஞ்சகர்மம் செய்யவில்லை.

பின்வேலையின் நிலை இன்னும் மோசம். பேதிக்குப் பின் நீர்த்த கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி, பிறகு பயற்று ரசம் என்று உணவைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். வலுவான சுத்திக்குப் பின் 7-ஆம் நாளிலேயே வழக்கமான உணவு. வஸ்தி கொடுத்த நாட்களைப்போல் இரு மடங்கு நாட்கள் பத்தியம் காக்க வேண்டும். கேரளத்து மரபிலும் சிகிச்சைக்குப் பின் "நல்லிரிக்கை" என்று ஓய்வு நாட்கள் உண்டு. 14-ஆம் நாள் மாலை விமானம் ஏறி, 15-ஆம் நாள் அலுவலகம் போகும்படி தவணை அமைக்கும்போது இந்தப் பகுதி முழுவதும் விடுபட்டுப் போகிறது. ஆக, சிகிச்சையே முடியாத நாளில் அதன் வெற்றி அறிவிக்கப்படுகிறது.

சோதிக்க முடியாததா?

"ஆயுர்வேதம் ஆளுக்கு ஆள் மருந்து மாற்றுவது, அதை உங்கள் முறையில் சோதிக்க முடியாது" என்று சிலர் கூறுவதுண்டு. இதற்கு விடை கோயம்புத்தூரிலேயே கிடைத்தது. முடக்குவாத நோயாளிகள் 43 பேரை மூன்று பிரிவாக்கினர். 14 பேருக்கு மெதோட்ரெக்சேட் என்ற நவீன மருந்து. 12 பேருக்கு ஆயுர்வேதம். 17 பேருக்கு இரண்டும். யார் எதை உண்மையாகப் பெறுகிறார் என்பது நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாதபடி போலி மருந்துகளையும் தந்தனர். 36 வாரம் கவனித்தனர். முடிவு 2011-இல் வெளியாயிற்று. மூன்று பிரிவின் பலனும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. ஆயுர்வேதம் மட்டும் பெற்றவர்களிடம் பக்க விளைவுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தது.

43 பேர் என்பது சிறு தொகை. இது முன்னோட்டம் மட்டுமே. எனினும் ஆயுர்வேதம் சோதனைக்கு அப்பாற்பட்டதல்ல என்பதை இது மெய்ப்பித்துவிட்டது. 36 வாரம் எங்கே, 14 நாள் எங்கே! சோதிக்க வழி இருந்தும், சோதிக்காமல் சான்று வழங்குவதே நாம் குறை கூறுவது.

ஊர் திரும்புமுன்

இது வெறும் கொள்கை விவாதமன்று. சர்க்கரை இறங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. வீட்டு உணவு திரும்பியதும் சர்க்கரையும் திரும்பும், மாத்திரையோ இராது. இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகை நீரிழிவு நோயாளி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. மாறாக, பழைய அளவிலேயே மாத்திரை உண்டு, உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம். கடும் பேதி நீரையும் சோடியம், பொட்டாசியம் உப்புகளையும் கொண்டுபோய்விடும். முதியவர்களுக்கும் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவர்களுக்கும் இது தீங்காகலாம். ஆகவே மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும், அதை எழுதிக் கொடுத்த டாக்டரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும். கொடுத்தனுப்பும் சூரணம், லேகியம், மாத்திரை ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள். நீரிழிவையும் உயர் இரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு கட்டத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்.பி.ஏ.1சி சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். பதினான்கு நாள் பத்தியத்தால் அதை ஏமாற்ற இயலாது. மூன்று மாதம் கழித்து அந்தச் சோதனையையும் எடையையும் அழுத்தத்தையும் அந்த மூன்றாம் கட்டத்தில் எழுதுங்கள். எண்கள் பழைய நிலைக்கே போயிருந்தால், நீங்கள் பெற்றது ஒரு நல்ல விடுமுறை; அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. எண்கள் இறங்கியே இருந்தால், விடுதியில் பழகிய எதை வீட்டிலும் விடாமல் செய்கிறீர்கள் என்று பாருங்கள். குறைந்த உப்பா, நேரத்தோடு படுப்பதா, அளவாக உண்பதா? அது தெரிந்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்தச் செலவு தேவைப்படாமலும் போகலாம்.