எண்ணப்படாத வெற்றிடங்கள்

ஆக்சைடு மென்படல ஆய்வில் இப்போது ஒரு மோஸ்தர். படிகக் குறையைக் குறை என்று சொல்லக்கூடாதாம். 'குறைப் பொறியியல்' என்று பெயர் சூட்டி, நிலைமாற்றத்தை வேண்டிய வெப்பநிலைக்கு நகர்த்தும் கருவியாகக் கொண்டாட வேண்டுமாம். இந்தக் கொண்டாட்டத்தின் நாயகன் வனேடியம் டை ஆக்சைடு. 1959-இல் பெல் ஆய்வகத்தின் மோரின் அளந்து சொன்னதுமுதல், ஏறத்தாழ 68 டிகிரி செல்சியஸில் காப்பான் நிலையிலிருந்து உலோக நிலைக்கு மாறும் இந்தப் பொருளை ஆய்வாளர்கள் விட்டபாடில்லை. மாறும் வெப்பநிலையை அறைவெப்பத்துக்கு இறக்கினால் ஜன்னல் கண்ணாடியில் பூசலாம் அல்லவா!

குறைகளுக்கு வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆக்சிஜன் வெளியேறிய இடத்தில், அதாவது ஆக்சிஜன் வெற்றிடத்தில், எஞ்சும் எலக்ட்ரான்கள் மாற்ற வெப்பநிலையை இறக்கும். புதிய நிலை முளைப்பதற்கே குறை வேண்டும்: துகள் சிறுக்கச் சிறுக்க முளைப்பிடங்கள் அருகி, தயக்க வளையம் (சூடேறும்போதும் குளிரும்போதும் மாறும் வெப்பநிலைகளுக்கு இடையிலான இடைவெளி) அகல்வதை லோபஸ் குழு 2002-இல் காட்டியது. நல்ல படிகத்தில் லட்சம் மடங்குவரை தாவும் மின்தடை, குறை மலிந்த படலத்தில் வெகுவாகச் சுருங்கிவிடும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறு. எத்தனை வெற்றிடங்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. காட்டப்படும் சான்று பெரும்பாலும் எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் 531 எலக்ட்ரான் வோல்ட் அருகே தெரியும் ஒரு மேடு. 'இதுவே ஆக்சிஜன் வெற்றிடம்' என்று அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் எப்படி வரும்? காலி நாற்காலியின் குரலைப் பதிவு செய்தேன் என்பது போன்ற கூற்று இது. நிறமாலையின் அதே இடத்தில் மேற்பரப்பில் ஒட்டிய ஹைட்ராக்சில் தாராளமாகத் தெரியும். போதாததற்கு, அந்தக் கருவி பார்ப்பது மேலே சில நானோமீட்டர். காற்றுபட்ட வனேடியம் டை ஆக்சைடின் மேற்பரப்போ ஏற்கெனவே மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும்.

படலம் படியும்போது ஆக்சிஜன் அழுத்தத்தைக் குறைத்தால் வெற்றிடம் மட்டுமா கூடுகிறது? படிக மணிகளின் அளவு மாறும், படிகத்தின் திரிபு மாறும், வேறு வனேடியம் ஆக்சைடுகளும் கலக்கும். முராவோகாவும் ஹிரோயும் 2002-இல் டைட்டானியம் டை ஆக்சைடு அடித்தளத்தின் திரிபைக் கொண்டே மாற்ற வெப்பநிலையை அறைவெப்பத்தை ஒட்டி இறக்கினார்கள். திரிபை அளக்காமல் புகழை வெற்றிடத்துக்குக் கொடுப்பது சோம்பேறித்தனம். சில இடங்களில் அதைவிட மோசம்.

முறையாகச் செய்ய முடியாததல்ல. அயனித் திரவத்தின் வழியே மின்புலம் தந்தபோது மாற்றம் அடங்கியதை, மின்னூட்டம் சேர்வதன் விளைவு என்று 2012-இல் ஜப்பானியக் குழு விளக்கியது. மறு ஆண்டே பார்க்கின் குழு, ஆக்சிஜன் படலத்தைவிட்டுத் திரவத்துக்குள் நகர்வதே காரணம் என்றது. ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை வைத்து அதன் போக்கையும் தேடியது. மேட்டைச் சுட்டிக்காட்டி நிற்கவில்லை.

ஆகவே மதிப்பாய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆழம்வரை அளந்த ஆக்சிஜன் விகிதமும் திரிபின் அளவும் இல்லாமல் வரும் குறைப் பொறியியல் கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.