மணிமேகலையின் இறுதிக் காதையில் கேள்வியும் பாவனையும் கருணையும்

மணிமேகலையின் இறுதிக் காதைகள் கதைப்போக்கை விட்டு விலகிச் சமய நூலாகிவிடுகின்றன என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் குறை. 29ஆம் காதையைப் பொறுத்தவரை இதனை மறுப்பது கடினம். பக்கம், ஏது, எடுத்துக்காட்டு, அவற்றின் போலிகள் என அறவண அடிகள் அடுக்கும் தருக்கம் காப்பியத் தலைவியின் வாழ்வைத் தொடவேயில்லை. எனினும் 30ஆம் காதையையும் அதனோடு சேர்த்து ஒதுக்குதல் பொருந்தாது.

பன்னிரு நிதானங்களை விரித்தபின், காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்று குற்றங்களுக்கும் அக்காதை மாற்று கூறுகிறது. நிலையாமை முதலியவற்றை எண்ணுதல் பற்றினை அறுக்கும். மைத்திரி, கருணை, முதிதை ஆகியன செற்றத்தைப் போக்கும். சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை ஆகியன மயக்கத்தைக் கடியும். பௌத்தம் வகுக்கும் நால்வகைப் பிரம விகாரங்களுள் உபேக்கை இங்கு இடம்பெறவில்லை. அதற்கு யாப்பே காரணமாகலாம். அதன்மேல் பெரிய முடிவுகளைக் கட்டவேண்டியதில்லை.

கருதத்தக்கது வேறொன்று. செற்றம் நீங்கும் வகையைப் பெயரிட்டுக் கற்பதற்கு முன்னரே மணிமேகலை அதனை வாழ்ந்து காட்டிவிட்டாள். 23ஆம் காதையில், மகன் உதயகுமரனை இழந்த இராசமாதேவி அவளைப் பித்தேற்ற முயல்கிறாள்; கல்லா இளைஞன் ஒருவனை ஏவுகிறாள்; நோயுற்றாள் எனப் பொய்கூறிப் புழுக்கறையில் அடைக்கிறாள். இவற்றிற்குப் பின்னும் மணிமேகலையிடம் சினம் இல்லை. அழுதது உடலுக்கா உயிருக்கா என அரசியை வினவி, உயிருக்கெனில் அவ்விரக்கம் எல்லா உயிர்க்கும் உரியதன்றோ என உணர்த்துகிறாள். துயரத்தைப் பழிக்காமல் அதன் எல்லையை விரிக்கும் இவ்வுரை, காப்பியத்தின் தருக்கப் பகுதிகள் அனைத்தினும் வலிமை மிக்கது.

மந்திர வலிமையும் வற்றாத அமுதசுரபியும் உடையவளின் கருணை அன்றாட வாழ்வுக்குப் பொருந்துமா என்னும் வினா எழலாம். இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் ஆபுத்திரன் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெறுவதற்கு முன்பே மதுரையில் இரந்துண்டவன். கண்ணிழந்தோர்க்கும் செவியற்றோர்க்கும் கால் முடப்பட்டோர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு, பிச்சையோட்டையே தலைக்கு வைத்து உறங்கியவன். அற்புதம் பின்னரே வருகிறது.

காதைகளின் வைப்புமுறையும் இதற்கு அரணாகிறது. வஞ்சியில் சமயக் கணக்கரின் வாதங்களைக் கேட்ட மணிமேகலை நேரே அறவண அடிகளிடம் தருமம் கேட்க அமரவில்லை. இடையே 28ஆம் காதையில், பஞ்சம் வாட்டிய காஞ்சியில் பசித்தோர்க்கு உணவளிக்கிறாள்.